மசாச்சோவின் சுவரும் பிக்காசோவின் கித்தானும்

மறுமலர்ச்சிக் கால ஓவியத்தையும் நவீன ஓவியத்தையும் ஒப்பிடப் புகுந்தாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு லியொனார்டோ, மைக்கேலேஞ்சலோ, ரஃபேல் ஆகியோரிடம் இருந்தது கைத்திறன். பிக்காசோவும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்தது வெறும் சமாளிப்பு. எதிர்க்கட்சிக்கோ பழையவர்கள் கண்ணில் பட்டதை நகலெடுத்தவர்கள், பாதிரிக்கும் பிரபுவுக்கும் கைகட்டி நின்றவர்கள். ஓவியனின் சுதந்திரம் 19ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது. இரு கட்சியும் படங்களைப் பார்க்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிட்டவை. சில படங்களை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளால் நிறுத்துப் பார்க்கலாம். வேலை தெரிந்தவர் யார்? படம் பார்ப்பவரை எங்கே நிற்க வைக்கிறது? ஓவியன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது?

முதலில் வேலைத்திறன். பழையவர்கள் செய்தால் காலத்துக்கும் நிற்கும் என்ற நம்பிக்கைக்குப் பெரிய மறுப்பு மிலான் நகரில், ஒரு மடத்தின் உணவுக்கூடச் சுவரில் இருக்கிறது. 1495க்கும் 1498க்கும் இடையில் லியொனார்டோ அங்கே 'கடைசி இராவுணவு' ஓவியத்தைத் தீட்டினார். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டி முடிக்கும் ஃப்ரெஸ்கோ முறை அன்றைய இத்தாலியப் பட்டறைகளில் நன்கு கைவந்த வேலை. அதற்கு வேகம் வேண்டும். தீட்டியதைத் திருத்துவது கடினம். லியொனார்டோவோ நின்று நிதானித்து, அடுக்கின்மேல் அடுக்காகத் தீட்டுகிறவர். ஆகவே காய்ந்த சுவரிலேயே தீட்டினார். அவர் உயிரோடு இருந்தபோதே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1978இல் ஆரம்பித்த பழுதுபார்ப்பு முடிய 1999 ஆயிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உணவறை ஒன்றில் 1964இல் மாட்டிய, நவீன ஓவியர் மார்க் ரோத்கோவின் ஐந்து பெரிய படங்களுக்கும் இதே கதிதான். அவர் கலந்த லித்தால் சிவப்பு வெயிலில் வெளிறிப்போக, 1979இல் படங்களைக் கழற்றிவிட்டார்கள். இருவருமே தாம் விரும்பிய விளைவுக்காகப் பொருளின் குணத்தோடு மல்லுக்கு நின்று தோற்றவர்கள். உழைப்பைப் பார்த்தாலும் வேறுபாடு இல்லை: 1907இல் பிக்காசோ 'அவிஞ்ஞோன் பெண்கள்' என்ற ஒரே படத்துக்காக நூற்றுக்கணக்கான முன்வரைவுகள் போட்டார். வேலைத்திறனை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மசாச்சோ ஏறக்குறைய 1427இல் வரைந்த 'திரித்துவம்' இருக்கிறது. உயரம் 6.5 மீட்டருக்கு மேல், அகலம் 3 மீட்டருக்குச் சற்று மேல். தட்டைச் சுவரைக் குடைந்து உள்ளே ஒரு சிற்றாலயம் கட்டியதுபோலத் தெரியும். வளைந்த கூரையின் கட்டங்கள் பின்னோக்கிச் செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே போகின்றன. இதற்காக மசாச்சோ ஈரப்பூச்சில் கோடு கீறியிருக்கிறார். அந்தத் தடங்கள் இன்றும் தெரிகின்றன. கோடுகள் கூடும் புள்ளி சிலுவையின் அடியில், தரையில் நிற்கும் ஒருவரின் கண்மட்டத்தில் விழுகிறது. அதற்கு மேலே கிறிஸ்து, பின்னால் பிதா. மரியாள் நம்மைப் பார்த்தபடி கையால் மகனைக் காட்டுகிறாள். கண்மட்டத்துக்குக் கீழே கல்லறைமேல் ஓர் எலும்புக்கூடு. பார்ப்பவன் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் படமே முடிவு செய்துவிட்டது. சாவுக்கும் மீட்புக்கும் நடுவே அவனுக்கு ஓர் இடம் அளந்து வைத்திருக்கிறது.

இதை 'நகலெடுப்பு' என்று சொல்கிறவர் படத்தைப் பார்க்கவில்லை. அப்படி ஓர் ஆலயம் எங்கும் இருந்ததில்லை. ஒரே ஒரு கண், அசையாத கண், ஒரே இடம் என்ற கற்பனை நிபந்தனையின் மேல் எழுப்பிய கணித வேலை அது. கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி செய்து காட்டிய, தூரத்தைத் தட்டைப் பரப்பில் காட்டும் இந்தப் பெர்ஸ்பெக்டிவ் முறையை ஆல்பெர்ட்டி 1435இல் நூலாக எழுதி வைத்தார். அதன்பின் சுமார் 450 ஆண்டுகள் ஐரோப்பிய ஓவியனின் கை அதை விட்டு அகலவில்லை. ஒரு கண்டுபிடிப்பு அத்தனை காலம் செல்லுபடியானது அதன் வலிமைக்குச் சான்று. பின்னால் வந்தவர்கள் பலருக்கு அது வெறும் வாய்ப்பாடாகிவிட்டதும் உண்மை.

அந்த வாய்ப்பாட்டில் முதல் பலமான விரிசலை உண்டாக்கியவர் செசான். சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள அவருடைய 'ஆப்பிள் கூடை' படத்தில் மேசையின் முன்விளிம்பைக் கவனியுங்கள். நடுவில் துணி மூடிய இடத்துக்கு இடப்பக்கம் விளிம்பு ஓர் உயரத்தில், வலப்பக்கம் வேறோர் உயரத்தில். துணியை எடுத்துவிட்டால் இரண்டும் சேராது. போத்தலும் சாய்ந்து நிற்கிறது. கை தவறியதால் வந்த பிழை அல்ல இது. மனிதன் இரண்டு கண்ணால், தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்கிறான். அப்படிப் பார்த்த பல பார்வைகளை ஒரே கித்தானில் உட்கார வைத்தால் விளிம்பு இப்படித்தான் விலகும்.

பிக்காசோ அந்த விரிசலை உடைப்பாக்கினார். 'அவிஞ்ஞோன் பெண்கள்' கிட்டத்தட்ட 244க்கு 234 சென்டிமீட்டர், ஏறக்குறைய சதுரம். விலைமாதர் வீடு ஒன்றில் ஐந்து நிர்வாணப் பெண்கள். முன்வரைவுகளில் அவர்களோடு ஒரு மாலுமியும் ஒரு மருத்துவ மாணவனும் இருந்தார்கள். கடைசிப் படத்தில் இருவரையும் பிக்காசோ நீக்கிவிட்டார். இதுதான் படத்தின் திருப்புமுனை. வாடிக்கையாளன் படத்துக்குள் இல்லை என்றால் அவன் வெளியே, நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறான். கீழே வலப்பக்கம் குந்தியிருப்பவளின் முதுகு நம் பக்கம் இருக்கிறது. முகமும் நம் பக்கமே திரும்பியிருக்கிறது. தரை என்று ஒன்று இல்லை, திரைச்சீலைகள் கண்ணாடிச் சில்லுகளாக நிற்கின்றன. காலூன்ற ஓர் அங்குலம்கூடத் தராமல் நம்மை உற்றுப் பார்க்கிறது படம். மசாச்சோ பார்ப்பவனுக்கு இடம் தந்தார். பிக்காசோ அந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டார். ஆனால் இருவருக்கும் படத்தின் மையக் கேள்வி ஒன்றே: எதிரே நிற்பவனை என்ன செய்வது? இந்த இரண்டில் ஒன்று மற்றதைவிட உயர்ந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உச்சியில் இரண்டும் சமம்.

நேர்மை என்ற இடத்தில் மட்டும் நவீனத்துக்கு ஒரு படி கூடுதலாகத் தர வேண்டும். டிஷியன் 1538இல் முடித்த 'உர்பினோவின் வீனஸ்' மெத்தைமேல் சாய்ந்து நம்மைப் பார்க்கும் நிர்வாண இளம்பெண். படத்தை வாங்கிய குவிதோபால்தோ தெல்லா ரோவெரே தன் கடிதத்தில் அவளைத் தேவதையாகக் குறிப்பிடவில்லை. நிர்வாணப் பெண் என்றே எழுதினார். தேவதைப் பட்டம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இளமையில் ஃபிளாரன்ஸில் அந்தப் படத்தைப் பிரதி எடுத்த மனே, 1863இல் அதே கிடப்பில் 'ஒலிம்பியா'வை வரைந்தார். காலடியில் தூங்கும் நாய்க்குட்டி போய், முதுகை வளைத்து நிற்கும் கருப்புப் பூனை வந்தது. தொடைமேல் தளர்ந்து கிடந்த கை, அழுத்தி மூடும் கையானது. மேனியின் மென்நிழல்கள் எல்லாம் மறைந்து, நேர் வெளிச்சத்தில் தட்டையான உடம்பு. 1865 சலோன் கண்காட்சியில் பாரிஸ் கொந்தளித்தது. படத்துக்குக் காவல் போட்டார்கள். கூட்டம் சினந்தது நிர்வாணத்துக்காக அல்ல, அந்தச் சுவர்கள் முழுக்க நிர்வாணம்தான். காசு கொடுத்து வருகிறவனை அவள் கணக்குப் பார்க்கும் கண்ணோடு பார்த்ததே குற்றம். டிஷியனின் வண்ணத்துக்கு மனே ஈடாகமாட்டார். டிஷியன் பேசாமல் விட்டதை மனே பேசினார் என்பதும் மறுக்க முடியாதது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். 1485 அக்டோபரில் ஃபிளாரன்ஸின் அநாதைக் குழந்தைகள் இல்லமான இன்னொசெந்தி மருத்துவமனையின் தலைவரோடு தொமெனிகோ கீர்லாந்தாயோ ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் பலிபீடப் படம். 30 மாதத்தில் முடிக்க வேண்டும்; சம்பளம் 115 ஃபிளாரின்; காட்டிய வரைவின்படி தன் கையாலேயே தீட்ட வேண்டும்; நீலம் அவுன்ஸ் சுமார் 4 ஃபிளாரின் விலையுள்ள அல்ட்ராமரினாக இருக்க வேண்டும். வேலை அவ்வளவு பெறாது என்று தோன்றினால் தொகையைக் குறைக்கலாம்! சுதந்திரக் கட்சிக்காரர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் 1488இல் முடிந்த படத்தைப் பாருங்கள். முன்வரிசையில் ஞானிகளோடு ஒட்டி, காயத்தழும்புகளோடு இரண்டு சின்னக் குழந்தைகள் மண்டியிடுகின்றன. ஏரோது கொல்வித்த மாசற்ற குழந்தைகள் அவை. அந்தப் படுகொலை பின்னணியில் நடந்துகொண்டிருக்கிறது. கைவிடப்பட்ட பிள்ளைகள் வளரும் வீட்டின் பலிபீடத்தில், அரசர்களுக்குச் சமமாக இரண்டு பிள்ளைகள். எதற்காக, எங்கே, யார் பார்க்க என்ற மூன்றும் தெரிந்திருந்ததால் கிடைத்த அழுத்தம் இது. விலை பேசிய ஒப்பந்தம் கற்பனையைக் கொல்லவில்லை. அதற்கு ஒரு முகவரி கொடுத்தது.

கீர்லாந்தாயோ உச்சியில் இருந்தவர் அல்லர். அதனால்தான் அவரை எடுத்தேன். இன்னும் கீழே இறங்கலாம். நேரி தி பிச்சி என்ற ஃபிளாரன்ஸ் ஓவியர் 1453 முதல் 1475 வரை எழுதிவந்த பட்டறைக் கணக்குப் புத்தகம் நமக்குக் கிடைத்திருக்கிறது. யாருக்கு எந்தப் படம், என்ன கூலி என்று வரி வரியாகப் பதிந்திருக்கிறார். புதுமை என்று அவரிடம் சொல்ல அதிகம் இல்லை. வரைந்ததையே மறுபடி வரைந்தார். ஆனாலும் பலகை பழுதில்லை, பொன் பூச்சு சுத்தம், பலிபீடத்தில் வைத்தால் படம் தன் வேலையைச் செய்யும். பொருளைக் கோணங்களாக உடைத்து வரைந்த கியூபிசத்தில் இதே நடுத்தட்டைப் பாருங்கள். பிக்காசோவும் அவருடைய கூட்டாளி பிராக்கும் 1910, 1911இல் வண்ணத்தைப் பழுப்புக்கும் சாம்பலுக்கும் சுருக்கினார்கள்; கிட்டார், போத்தல், கோப்பை என்று பொருளையும் சுருக்கினார்கள். தமக்குத் தாமே விதித்த அந்த நோன்பில் ஒவ்வொரு கோணத்துக்கும் காரணம் இருந்தது. அவர்களைத் தொடர்ந்தவர்களில் பலர் கையில் அது அலங்காரமாகிவிட்டது. வழக்கமாக வரைந்த உருவத்தின்மேல் கோணங்களைப் போர்த்தியதுபோன்ற படங்கள் ஏராளம். வெளியிலிருந்து வரும் நிபந்தனை சராசரி ஓவியனையும் தாங்கும். உள்ளிருந்து விதித்துக்கொள்வதற்கு மேதை வேண்டும். மேதை இல்லாத இடத்தில் அது பாவனையாகச் சரிகிறது.

காலம் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டது, அதனால்தான் பழைய சராசரி நமக்கு உயரமாகத் தெரிகிறது என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு, பாதிக்குத்தான் செல்லும். நேரியின் படங்களும் அவரைப்போன்ற பட்டறைக்காரர்களின் மரியாள் பலகைகளும் நிறையவே தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றியது மேதைமை அல்ல, பயன்பாடு.

எதிர்ப்பக்கம் வைக்க வேண்டிய எடை ஒன்று மிச்சம் இருக்கிறது. நாம் இன்று போற்றும் மறுமலர்ச்சியின் ஒரு பகுதி நவீனர்கள் கண்டெடுத்துக் கொடுத்தது. பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் அசைவற்ற உருவங்கள் பழையபடி பேசத் தொடங்கியது செசானையும் சேராவையும் பார்த்துப் பழகிய கண்களுக்குத்தான். நீண்டகாலம் கோணல் என்று ஒதுக்கப்பட்ட எல் கிரெக்கோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வரிசைக்கு வந்தார்; 'அவிஞ்ஞோன் பெண்கள்' உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு என்று கலை வரலாற்றாளர்கள் பலர் ஏற்கிறார்கள். 1910இல் லண்டனில் மனே, செசான், கோகேன், வான் கோ படங்களைத் திரட்டிக் காட்டி வசைபட்ட ரோஜர் ஃப்ரை, 1899இலேயே ஜொவான்னி பெல்லினி பற்றி நூல் எழுதிய இத்தாலிய ஓவிய அறிஞர். அவர் செசானைக் கொண்டாடியது பழையதைத் துறந்து அல்ல; பழையதில் தேடிய கட்டுமானத்தைச் செசானிடம் கண்டதால்.

இனி தீர்ப்பு. உச்சங்களில் இரண்டும் சமம். நேர்மையில் நவீனம் ஒரு படி முன்னே. மொத்தக் கணக்கில், மேதைக்கும் சராசரிக்கும் சேர்த்துப் போடும் கணக்கில், மறுமலர்ச்சி தெளிவாக மேலே. அதற்குக் காரணம் இழந்துபோன கைத்திறன் அல்ல; சுவர், கதை, பார்ப்பவர், கெடு என்ற நான்கு நிபந்தனைகள். நவீனத்தின் பக்கமிருந்தே இதற்குச் சாட்சி உண்டு. 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தன் அரங்கின் சுவருக்கு ஸ்பானியக் குடியரசு பிக்காசோவிடம் ஒரு படம் கேட்டது. ஏப்ரல் 26 அன்று கெர்னிகா ஊர்மேல் குண்டுகள் விழுந்தன. சில வாரங்களில் அவர் தீட்டிக் கொடுத்த 'கெர்னிகா' படம் 3.49க்கு 7.77 மீட்டர். சுவரும் கெடுவும் பார்ப்பவரும் சம்பவமும் வெளியிலிருந்து வந்தபோது, அதே சிதைந்த வடிவங்கள் ஓவியம் பழகாதவர்களுக்கும் புரிந்தன.

பிரபுவையும் பாதிரியையும் திரும்பக் கூப்பிடச் சொல்லவில்லை. கூப்பிட்டாலும் அவர்கள் வாங்கப்போவது டிஷியனை அல்ல. இன்றைய படத்தின் முன் நிற்கும்போது 'இது என்ன?' என்று கேட்பதைவிட, 'இந்த ஓவியர் எதற்குக் கட்டுப்பட்டார், அதைக் கடைசிவரை காப்பாற்றினாரா?' என்று கேட்பது பலன் தரும். மாண்டிரியானின் நேர்கோடுகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். பதில் சொல்லாத படம் புதியது என்பதற்காக அதை மன்னிக்க வேண்டியதில்லை, பழையது என்பதற்காகவும்தான்.