சாரணியர் இயக்கம்: யாருக்கு யார் சகோதரி?

சாரணியர் வரலாற்றை எழுதுகிறவர்கள் பேடன் பவலிலிருந்து தொடங்குவார்கள். நான் 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணியிலிருந்து தொடங்குகிறேன். பையன்களுக்கென்று கூட்டிய பேரணிக்குள் யாரும் கூப்பிடாமலே சிறுமிகள் நுழைந்தார்கள். நாங்களும் சாரணர்தான் என்றார்கள். இயக்கத்தின் பிறப்பே ஒரு நுழைவுப் போராட்டம். 1939 கோயில் நுழைவைக் கண்ட மதுரைச் சீமைக்கு இதை விளக்கணுமா என்ன?

நுழைந்தவர்களை அதிகாரம் என்ன செய்தது? 1910இல் தனி அமைப்பாக ஒதுக்கி வைத்தது. 'கைட்ஸ்' என்ற பெயரே இந்திய எல்லைப்புறத்தில் பிரிட்டிஷாருக்காகச் சண்டையிட்ட படைப்பிரிவின் பெயர். பேரரசைக் கட்டச் சிறுமிகள் எப்படி உதவலாம் என்பதே 1912ஆம் ஆண்டுக் கையேட்டின் தலைப்பில் இருந்த சேதி. 1911இல் ஜபல்பூரில் இயக்கம் கால் வைத்தபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமிகளுக்கு மட்டுமே இடம். இந்தியச் சிறுமிகளுக்குக் கதவு திறந்தது 1916இல். 1951இல் பெண்கள் அமைப்பும் பாரத சாரண சாரணியத்தில் இணைந்தது. பேரரசு போய் தேசம் வந்தது. சாதி எங்கே போச்சு?

சாரணியர் எல்லோருக்கும் தோழி, சக சாரணியருக்குச் சகோதரி என்கிறது சட்டம். தினம் ஒரு நற்செயல் செய்யச் சொல்கிறது. ஊர்ப் பிள்ளைக்கு அது புதுப் பழக்கம். எங்க அப்பத்தா காலமெல்லாம் தொழுவம் கூட்டினாள். தாத்தா ஊர் ஊராக நடந்து இழவு சொன்னார். இதுக்கு எவன் பதக்கம் குத்தினான்? அவர்கள் செய்தால் சேவை, நாங்கள் செய்தால் சாதித்தொழில். மறுக்க முடிகிறவள் செய்வதே சேவை. மறுக்க முடியாதவள் செய்வது ஊழியம். மாட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொடுக்காத சேவைப் பயிற்சி சேரிப் பெண்ணுக்குப் பழைய நுகத்தடிதான்.

அதுக்காக இயக்கத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. திசை அறிவது, முடிச்சுப் போடுவது, முதலுதவி, வீட்டை விட்டு வெளியே கூடாரத்தில் தங்குவது எல்லாம் கப்பலூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கும் வேணும். நான் படித்த பள்ளியில் சீருடைக்குக் காசு கட்ட முடிந்தவர்கள் முகாமுக்குப் போனார்கள். காலனிப் பிள்ளைகள் நாங்கள் போகலை.

சேரன்மாதேவி குருகுலத்திலும் தேசபக்திதான் சொல்லிக்கொடுத்தார்கள். பந்தியில் பிராமணப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்ததால் 1925இல் தமிழ்நாடே கொந்தளித்தது. ஆகவே உறுதிமொழியை வைத்து ஒரு முகாமை எடைபோடாதீர்கள். அங்கே கரண்டி யார் கையில், அந்தச் சோற்றை யார் யார் தின்கிறார்கள் என்று பாருங்கள்.