பேரேடும் நிழற்படமும்

கொல்கத்தாவில் வாழும் நமக்குப் பொங்கல் முடிந்தால் அடுத்தது போய்மேளாதான். 1976-இல் தொடங்கிய அந்தப் புத்தகத் திருவிழா 2018 முதல் சால்ட் லேக் சென்ட்ரல் பார்க்கில் நடந்துவருகிறது. கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுக் கேமராவும் கையுமாகப் போய்விடுவேன். எழுத்தாளர்களைப் படம் பிடிப்பதில் அவ்வளவு ஆசை!

வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி: மேடை, சால்வை, சிரிப்பு. பெயரை மறைத்தால் எழுத்தாளர் யார், என்னைப் போன்ற வியாபாரி யார் என்றே தெரியாது. ஒருமுறை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவரை, “தாதா, எதிகே!” என்று கூப்பிட்டு ஃபிளாஷ் அடித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எதைப் படமெடுக்கப் போனேனோ, அதை நானே கெடுத்தேன்.

என் கண்ணைத் திறந்தவை நிமாய் கோஷின் (1934-2020) படங்கள். ‘பாதை தெரியுது பார்’ (1960) இயக்கிய நிமாய் கோஷ் வேறு, இவர் வேறு. நாடக நடிகராக இருந்தவர், சத்யஜித் ராயின் ‘கூப்பி காயின் பாகா பாயின்’ (1969) படப்பிடிப்பில் தொடங்கி, 1992-இல் ராய் மறையும்வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவரைப் படமெடுத்தார். ஃபிளாஷ் கிடையாது, இருக்கிற வெளிச்சமே போதும் அவருக்கு.

ராய் இயக்குநர் மட்டுமல்லர், ஃபெலுதா கதைகளை எழுதியவர். நாற்காலியில் சாய்ந்து, மடியில் ஏட்டை வைத்து வேலை செய்கிறார், நம்மைப் பார்ப்பதில்லை. அவர் திரைக்கதை எழுதியதும் படம் வரைந்ததும் ‘கேரோர் காத்தா’வில். அதாவது, நம்ம கடையில் புதுக்கணக்கு போடும் சிவப்புத் துணி அட்டைப் பேரேடு! கறுப்பு வெள்ளைப் படத்திலும் அந்தச் சிவப்பு என் கண்ணுக்குத் தெரிந்தது.

“அவருக்கு 25 ஆண்டு கிடைத்தது, நமக்கு ஐந்து நிமிடந்தானே?” என்று கேட்கலாம். நியாயம்தான். கோஷின் நெருக்கம் நமக்கு வாய்க்காது. ஆனால் அவர் படங்களின் சிறப்பு நெருக்கத்தால் மட்டும் வந்ததன்று. எதிரிலிருப்பவர் வேலையைக் கலைக்காத மரியாதையால் வந்தது. அதற்கு ஐந்து நிமிடமே போதும்.

சென்ற முறை ஒரு கவிஞர் தம் புத்தகத்திலேயே ஒரு பிழையைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் நின்று எடுத்தேன். “முகமே தெரியலையே?” என்றாள் என் மனைவி. “கை தெரியுது, பார்” என்றேன்.

செல்ஃபி எடுக்கும் நம் பிள்ளைகளும் ஒரு படமாவது இப்படி எடுத்துப் பார்க்கட்டும்.