தாருக்கு எந்த டயர் போடுவது?

மஹிந்திரா தார் வாங்கியவர்களில் பலர் வண்டி வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே கேட்பது: "கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு எம்.டி போட்டுவிடலாமா?" எம்.டி என்றால் மட் டெரெய்ன், சேற்றுக்கான டயர். பெரிய பெரிய பட்டன்கள், நடுவே விரல் நுழையும் பள்ளங்கள். மாட்டினால் வண்டி கம்பீரமாகத்தான் தெரியும். ஆனாலும் கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஏ.டி, அதாவது ஆல் டெரெய்ன் டயர், கம்பெனி கொடுத்த அதே அளவில் போதும்.

நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. சாதாரண கார் ஆனாலும் சரி, தார் ஆனாலும் சரி, பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நனைந்த சாலையில் வண்டி எங்கே போய் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நாலு துண்டு ரப்பர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ விரித்த ஒரு கையளவு. டயர் வாங்கும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். சேறும் பாறையும் அடுத்துதான்.

ஏ.டி-க்கும் எம்.டி-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே மழைநாளில் கொல்லிமலையில் ஓட்டிப் பார்த்தேன். காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் டயரைச் சோதிக்கத் தோதான இடம். என் வண்டியில் யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ.டி, கூட வந்த நண்பரின் தாரில் எம்.டி. இறக்கத்தில் வளைவுக்கு முன் பிரேக் மிதித்தால் ஏ.டி சொன்ன இடத்தில் நின்றது. எம்.டி வண்டியில் அதே வேகத்தில் அதே அழுத்தம் கொடுத்தேன், காலடியில் ஏ.பி.எஸ் துடிக்க ஆரம்பித்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி திரும்புவதற்கும் ஒரு கணம் தாமதம். அந்த உயரமான பட்டன்கள் அடியில் நெளிவதால் வருவது அது.

காரணத்தை டயரைக் குனிந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஏ.டி டயரின் ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் இருக்கும். சைப் என்பார்கள். சாலையில் படிந்த தண்ணீர்ப் படலத்தை வெட்டி ரப்பரைத் தரையோடு ஒட்டவைப்பவை இவை. எம்.டி-யில் இந்த வெட்டுகள் மிகக் குறைவு. போதாததற்கு, சேற்றை வெளியே தள்ளுவதற்காகப் பட்டன்களுக்கு நடுவே நிறைய இடம் விட்டிருப்பதால் தரையைத் தொடும் ரப்பரே குறைந்துபோகிறது. நெடுஞ்சாலையில் ஓயாமல் கேட்கும் ரீங்காரமும், எடை கூடுவதால் மைலேஜ் இறங்குவதும் தனிச் செலவு.

அப்படியானால் எம்.டி-க்கு வேலையே இல்லையா? இருக்கிறது, கரிசலில். கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் மழைக்குப் பிறகு கரிசல் காட்டுப் பாதையில் ஏ.டி டயரோடு இறங்கிப் பாருங்கள். சில அடி நகர்வதற்குள் பள்ளமெல்லாம் களிமண் அப்பிக்கொண்டு, புது டயர் மொட்டை டயராகிவிடும். நான்கு சக்கரமும் சுற்றும், வண்டி மட்டும் பக்கவாட்டில் நழுவும். அங்கே எம்.டி சுற்றுகிற வேகத்தில் மண்ணை உதறிவிட்டு அடுத்த பிடிக்குத் தயாராகிறது. தினமும் இப்படிப்பட்ட நிலத்துக்குப் போய்வரும் விவசாயிக்கு நான் எம்.டி-யைத்தான் சொல்வேன், தயக்கமே இல்லாமல். வருஷத்தில் சில நாள் மட்டும் மண்ணில் இறங்குகிறவருக்கு அது தேவையில்லை.

மணல் என்று வந்தால் டயர் வகையைவிடக் காற்றழுத்தம்தான் பெரிது. உடன்குடிப் பக்கம் பனங்காட்டுச் செம்மணல் பாதையில் 32 பி.எஸ்.ஐ-யோடு நுழைந்தால் எந்த டயரும் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். எம்.டி இன்னும் வேகமாகத் தோண்டும். காற்றை 18-க்கு இறக்கிவிட்டுத் தடத்தைக் கவனியுங்கள்: டயர் பக்கவாட்டில் லேசாகப் பிதுங்கும், ஆனால் தரையில் பதியும் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளர்ந்திருக்கும். வண்டியின் எடை அந்த நீளத்தில் பரவுவதால்தான் மணலுக்கு மேலே நிற்க முடிகிறது. அதே வண்டி, அதே டயர், சற்றுமுன் திணறிய மேட்டை இரண்டாவது கியரில் ஏறிவிடும். 15-க்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றைப் பழையபடி ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே டயருக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து, நல்ல ஒரு கேஜும் 12 வோல்ட் கம்ப்ரசரும் வாங்குங்கள். மணலில் இறங்குவதற்கு முன் அந்த இடம் காப்புக்காடா, யாருடைய நிலம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. 2020-இல் வந்த தாரில் 16 அங்குல ரிம்முக்கு 245/75, 18 அங்குலத்துக்கு 255/65. 245/75 இருந்த இடத்தில் 265/75 போட்டால் டயரின் விட்டம் சுமார் 3 சென்டிமீட்டர் கூடும். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை: ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட ஏறத்தாழ 4 சதவீதம் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் இழுவை மந்தமாகும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் உரசக்கூடும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கவும் இடமுண்டு.

ஒரே அளவிலும் இரண்டு ரகம் கிடைக்கும். 245/75 ஆர்16 என்று மட்டும் இருந்தால் சாதாரண ரகம். லோட் இண்டெக்ஸ் 111 என்றிருந்தால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். முன்னால் எல்.டி என்ற எழுத்தும் 120/116 என்ற எண்ணும் இருந்தால் அது லைட் டிரக் ரகம்: 1,400 கிலோ தாங்கும், பக்கச்சுவர் தடிமன், கூரான கல்லுக்கு எளிதில் கிழியாது. ஆனால் ஆள் இரண்டு பேர், பை இரண்டு என்று போகும் தாருக்கு அது கல் மாதிரி. ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரியும். பாறைப் பாதையிலேயே பிழைப்பு நடத்தும் ஜீப் ஓட்டுநர்களுக்கு அது சரி.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் பக்கச்சுவரில் டி.ஓ.டி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஏ.டி, எம்.டி டயர்கள் மெதுவாக விற்பவை. இரண்டு மூன்று வருஷம் அடுக்கில் கிடந்ததைத் தள்ளுபடி என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் வேறு கேளுங்கள்.

இன்னொன்று, நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். இரண்டு புதியது, இரண்டு தேய்ந்தது என்று போட்டால் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். தாரில் நான்கு சக்கர இழுவைக்கு 4 ஹை போட்டதும் இரண்டு அச்சும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால் அந்த வித்தியாசம் முழுதும் பற்சக்கரங்களின் தலையில் விழும். காய்ந்த தார்ச் சாலையில் 4 ஹை போடக்கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். பின்கதவு ஸ்டெப்னி அதே அளவு, அதே ரிம் என்றால் அதையும் சேர்த்து 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் இடம் மாற்றிப் போடுங்கள்.

அலுவலகம், நெடுஞ்சாலை, எப்போதாவது மலை, மண் பாதை என்று ஓடும் வண்டிக்குக் கம்பெனி அளவில் எல்.டி அல்லாத ஏ.டி. கரிசலிலும் வயலிலும் தினப்பாடு இருப்பவருக்கு எம்.டி, மழையில் நனைந்த தார்ச் சாலையில் அவர் முன்வண்டியிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளியே வரட்டும்.