உத்தம சோழனும் நான்கு சேரிகளும்

உத்தம சோழன் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? பெரும்பாலும் கல்கியின் மதுராந்தகர். 2022-ல் படம் பார்த்தவர்களுக்கு ரகுமான். அரியணைக்கு ஆசைப்பட்டு, பழுவேட்டரையரின் மூடுபல்லக்கில் ஒளிந்து பயணம் செய்யும் ஆசாமி. 1950-ல் தொடர் ஆரம்பித்ததிலிருந்து மனுஷனுக்கு இதே பேர்தான். (கடைசியில் கல்கி ஆளையே மாற்றிவிடுகிறார், அது வேறு விஷயம்.)

நிஜ உத்தம சோழனின் ஆணை ஒன்று இருக்கிறது. சென்னை அருங்காட்சியகச் செப்பேடு. 16-ம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 985. ஆரம்ப ஏடுகள் தொலைந்துவிட்டன. மிச்சம், தென்னிந்தியக் கல்வெட்டுகள் 3-ம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. படித்துப் பாருங்கள். இலக்கியமாக எதிர்பார்த்தால் கொட்டாவி வரும், சுத்தமான ஜி.ஓ. நடை. ஆனால் விஷயம் சுவாரஸ்யம்.

காஞ்சிபுரத்து ஊரகம், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயில். ஊரில் நிறுத்து விற்பதற்கும் அளந்து விற்பதற்கும் வரும் கூலி கோயிலுக்குச் சேர வேண்டும். கோயில் பொன் கடனாகப் போயிருக்கிறது. கூரத்து சபையார்கூட வாங்கி, வட்டியை நெல்லாக அளக்கிறார்கள். சரி, இதையெல்லாம் மேய்ப்பது யார்? நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலிகள். நெசவாளிகள்! கணக்கைச் சரிபார்க்க மாநகரத்தார், அதாவது ஊர் வணிகர் சபை.

நம் சரித்திர நாவல்களில் வணிகர் என்பது பெரும்பாலும் கதாநாயகன் மாறுவேஷம் போட ஓர் உடுப்பு, அவ்வளவுதான். நகரம் என்றால் அரண்மனை, சிற்பக்கூடம், ஆடலரங்கு. தராசு பிடித்தவனும் தறியில் உட்கார்ந்தவனும் காணோம். சுமத்ராவின் பாரூஸில் 1088-ல் தமிழில் கல் நாட்டிய ஐந்நூற்றுவரைப் பற்றி மேடையில் பெருமையடிக்கிறோம். கப்பல் இருக்கிறதல்லவா! உள்ளூரில் கோயில் கணக்குப் பார்த்த நகரத்தாரைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதற்காகச் செப்பேட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அது மேலிருந்து பேசுகிறது. ஒரு புடவைக்கு என்ன கூலி, நூல் நூற்ற பெண்ணுக்கு என்ன கிடைத்தது, ஒரு வார்த்தை கிடையாது. நிர்வாகப் பொறுப்பு கௌரவமா, தலைவலியா? அந்தப் பட்டசாலிகளைக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்த முறை முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனால், அந்தக் கோயிலுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நான் போனபோது பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டார்.

"கோயில் கணக்கு இருக்கட்டும் சார். என் கூலிக் கணக்கையே முதலாளிதானே எழுதறாரு."