உள்ளூர்ச் செய்தியின் நாடி

அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலம் நியூயார்க், பிலடெல்பியா என்னும் இரு மாநகரங்களுக்கு இடையே அமைந்திருப்பதால், அங்குள்ள ஜனங்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தால் பெரும்பாலும் அண்டை மாநிலத்து மேயரின் பேச்சையே கேட்டு எழுகிறார்கள். தங்கள் நகரசபை வரியை உயர்த்திற்றா, பள்ளிக்கூடம் மூடப்பட்டதா என்று அறிய அவர்களுக்கு உள்ளூர்ப் பத்திரிகையை விட்டால் வேறு கதியில்லை. உள்ளூர்ச் செய்தியின் நாடி பிடித்துப் பார்க்கும் ஆராய்ச்சி அந்த மண்ணில் வேர்கொண்டது இயல்பே.

2015-ல் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் பிலிப் நபோலியும் அவர் குழுவினரும் நெவார்க், நியூ பிரன்ஸ்விக், மாரிஸ்டவுன் ஆகிய மூன்று ஊர்களின் செய்திகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் சோதித்தார்கள்: இது இந்த ஊரைப் பற்றியதா, பிறர் எழுதியதன் பிரதியாக இல்லாமல் சுயமாக எழுதப்பட்டதா, குடிமக்கள் அறிந்தே தீரவேண்டிய விஷயமா? வசதி படைத்த சிறு நகரமான மாரிஸ்டவுனுக்கு, வறுமை மிகுந்த பெருநகரமான நெவார்க்கைக் காட்டிலும், ஜனத்தொகை விகிதப்படி பன்மடங்கு செய்தி கிடைத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. பத்திரிகைகள் அழிகின்றனவே என்ற பொதுவான புலம்பலுக்குப் பதிலாக, பணப் பஞ்சம் உள்ள இடத்திலேயே செய்திப் பஞ்சமும் குடியேறுகிறது என்று எடுத்துக்காட்டியதை இம்முறையின் தலையாய தொண்டாக நான் மதிக்கிறேன். உள்ளூர்ச் செய்திக்குப் பொதுப்பணம் வழங்க 2018-ல் அம்மாநிலம் சட்டமியற்றி ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. எந்த ஊருக்கு முதலில் கொடுப்பது என்று நியாயமாகத் தீர்மானிக்க இத்தகைய கணக்கு இன்றியமையாதது.

ஆயினும் தலைக்கு இத்தனை செய்தி என்று வகுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. செய்தி ரேஷன் அரிசியைப் போல் பங்கிட்டுக் குறைவதன்று. ஒரு நல்ல கட்டுரையைப் பதினாயிரம் பேர் படித்தாலும் லட்சம் பேர் படித்தாலும் ஒருவருடைய பங்கு மற்றவரால் தேய்வதில்லை. வகுத்துப் பார்க்கும்போது சிற்றூர் தன் சிறுமையாலேயே செழிப்பாகத் தோன்றிவிடுகிறது.

இதனினும் பெரிய குறை காலத்தைப் பற்றியது. 2018-ல் நபோலி டியூக் சர்வகலாசாலையிலிருந்து நூறு ஊர்களை ஆராய்ந்தபோது, பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட செய்திகளில் 17 சதவீதமே உண்மையில் உள்ளூரைப் பற்றியவை என்று கண்டார். ஆனால் அவை ஒவ்வோர் ஊரிலும் ஏழு நாட்களில் திரட்டப்பட்டவை. நெவார்க்கில் வீடுகளுக்குச் செல்லும் ஈயக் குழாய்களால் குடிநீர் நஞ்சாகி, 2019 ஆகஸ்டில் ஜனங்கள் தண்ணீர் பாட்டிலுக்காக வரிசையில் நின்றார்களே, அதன் வரலாறு ஏழு நாட்களுக்குள் அடங்குவதா? முதல் சோதனை முடிவு வந்த நாளில் வெளியான ஒரு பத்தியும், அதை விடாமல் மாதக்கணக்கில் துரத்திய நிருபரின் கட்டுரையும் இக்கணக்கில் தலா ஒன்றுதான்.

பத்திரிகைகளின் பெயரை எண்ணுவதும் போதாது. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் நெவார்க்கின் ஸ்டார் லெட்ஜர் அச்சை நிறுத்தி இணையத்தில் மட்டும் தொடர்ந்தது. 1867-ல் பிறந்த ஜெர்ஸி ஜர்னலோ அடியோடு நின்றுபோயிற்று. ஒன்று உயிருடன் இருக்கிறது, மற்றொன்று மறைந்தது என்று பதிவேடு எழுதிக்கொள்ளும். காலைக் காப்பியோடு காகிதத்தைப் புரட்டியே பழகிய கிழவருக்கு இரண்டும் ஒரே வாரத்தில் போயின.

அம்மாநிலத்தில் 564 நகரசபைகள் உள்ளன. அவற்றுள் ஐம்பதுக்கேனும், கூட்டம் நடக்கும் இரவில் ஓர் ஆராய்ச்சி மாணவரை அனுப்பி, நிருபர் எவரேனும் வந்து அமர்ந்திருக்கிறாரா, அடுத்த கூட்டத்துக்கும் அவர் வந்தாரா என்று ஓராண்டு குறித்துவரச் செய்தால், அந்த நோட்டுப் புத்தகத்தை நான் எந்தச் சதவீதத்துக்கும் முன்பாக எடுத்துப் படிப்பேன்.