தண்ணியில ஒன்னும் இல்ல

திண்டுக்கல்காரங்க கிட்ட பிரியாணி பத்திப் பேசினா மூணாவது வாக்கியத்துல தண்ணி வந்துடும். "எங்க ஊர்த் தண்ணிக்குத்தான் அந்த ருசி." அப்பாவும் இதையேதான் சொல்வார். எந்தத் தண்ணி என்பதுதான் என் முதல் கேள்வி. ஆத்தூர் காமராஜர் அணை, வைகைப் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று மூன்று பக்கமிருந்தும் ஊருக்குத் தண்ணீர் வருகிறது.

போன பொங்கலுக்கு எங்க தெருக் குழாயில் ஒரு கேன் பிடித்து பெங்களூருக்குக் கொண்டு வந்தேன். ஒரே கறி, ஒரே அரிசி, ரெண்டு பானை. எது எதுன்னு சொல்லாம நாலு பேருக்குப் பரிமாறினேன். ஒருத்தராலும் பிரிச்சுச் சொல்ல முடியல. நாலு பேரை வெச்சு ஆய்வு என்று சொல்லிக்கொள்ள முடியாது, தெரியும். ஆனா தண்ணி கட்சிக்கு அந்த நாலு ஓட்டுகூட விழல.

அப்போ ருசி எங்கே இருக்கு? பாதி அரிசியில். சீரகச் சம்பா பாஸ்மதி மாதிரி நீளாது. குட்டையாகவே நின்று மசாலாவை வாங்கிக்கொள்ளும். 1957-ல் தலப்பா கட்டிய நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்ற பெயரில் கடை போட்டபோது எடுத்த முக்கியமான முடிவு, என் கணக்கில், இந்த அரிசிதான். தயிரும் எலுமிச்சையும் தரும் புளிப்பு, மிளகுப் பக்கம் சாயும் காரம் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

மீதிப் பாதி நேரம். இதை நான் கத்துக்கிட்டது நியூயார்க்கில். ஆன்சைட் போனப்ப ஹூஸ்டன் தெருவில் 1888-லிருந்து நடக்கும் காட்ஸ் என்ற யூத டெலிக்குப் போனேன். வாசலிலேயே கையில் ஒரு சீட்டு கொடுப்பாங்க. சாப்பிட்டதை எல்லாம் அதில் எழுதி வெளியே போகும்போது வசூல். பாஸ்ட்ராமி என்பது உப்பு நீரில் ஊறி, மிளகும் கொத்தமல்லி விதையும் அப்பி, புகையில் வாட்டி, கடைசியில் ஆவியில் வெந்த மாட்டிறைச்சி. (மல்லியும் மிளகும்! நம்ம அஞ்சறைப்பெட்டிதான்.) இத்தனை நாள் வேலை பார்த்த கறியை நாம போய் நின்ன பிறகுதான் கத்தியால் அறுக்கிறார்கள். முன்னாடியே அறுத்து வெச்சா காய்ந்துவிடும்.

நம்ம ஊரில் இப்போ கோட்டை விடுவது இங்கேதான். பதினொன்றரைக்கு அண்டா தம் உடைக்கும்போது இருப்பதும், மூணு மணிக்கு ஹாட்பாக்ஸில் இருப்பதும் ஒரே பிரியாணி இல்லை. சீரகச் சம்பா வெந்தபின் காத்திருக்காது, குழையும். சின்ன அண்டாவா அடுத்தடுத்து இறக்கினால் தீரும் பிரச்சினை. ஆனா விறகு, ஆள், நேரம் எல்லாம் கூட ஆகும். அதனால பெரிய அண்டா, ஒரே தம், நாள் முழுக்க விற்பனை. கிளைகள் பெருகியதால் ருசி போச்சுங்கிற புலம்பல் எனக்கு ஒப்பில்லை. ஒரே ஒரு கிளை இருக்கிற கடையிலும் மூணு மணிப் பிரியாணி மூணு மணிப் பிரியாணிதான்.

இதை நிரூபிக்க அப்பாவை ஒரே கடைக்கு ஒரே நாளில் ரெண்டு தடவை கூட்டிப் போனேன். அவருக்குச் சுகர், ரெண்டு தடவையும் நாலு வாய்தான். மதியம் தலையாட்டிச் சாப்பிட்டார். சாயங்காலம் இலையை ஓரமாத் தள்ளிட்டு, "இவன் சாயங்காலம் போர்த் தண்ணி ஊத்துறான்டா" என்றார்.