புயலுக்கு முன் ஒரு குரல், புயலுக்குப் பின் பல குரல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்குள் 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களில் தங்கவைத்திருந்தது அரசு. அந்த முன்னேற்பாட்டை எதிர்க்கட்சித் தலைவரே பாராட்டினார். ஓரிரு நாள்தான், புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் குடிநீரும் மின்சாரமும் கேட்டுச் சாலை மறியல் நடந்தது, அரசு வாகனங்கள் எரிந்தன. பாராட்டு இவ்வளவு விரைவில் கோபமாக மாறியதற்குக் காரணத்தை, முடிவெடுத்த முறையில்தான் தேட வேண்டும்.

புயலுக்கு முன் கேள்வி ஒன்றே: வீட்டைவிட்டுக் கிளம்புவதா, இருப்பதா? அதற்கு ஊர்தோறும் விவாதம் தேவையில்லை. ஆட்சியர் சொல்ல, தாசில்தார் வழியாகக் கிராம நிர்வாக அலுவலர்வரை அந்தச் சொல் இறங்கினால் போதும். அங்கே தயங்கினால் உயிர் போகும். மேலிருந்து வரும் உத்தரவின் வலிமை அந்த வேகம்தான்.

காற்று ஓய்ந்ததும் கேள்விகள் பெருகின. புயல் பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்துகிடந்தன. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதியில் தென்னையும் பலாவும் வேரோடு விழுந்தன. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஊர்களில் மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி காலி. ஓர் ஊருக்கு முதல் தேவை ஜெனரேட்டர், இன்னோர் ஊருக்கு மரம் அறுக்கும் ஆள், மற்றோர் ஊருக்குத் தார்ப்பாய். எதை முதலில் செய்வது என்பது அந்த ஊருக்குத்தான் தெரியும். முடிவோ மேலிடத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

இதில் பெரிய குறை ஒன்று அதிகம் பேசப்படவில்லை. 2016 அக்டோபர் முதல் தமிழக ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மக்கள் உரிமையோடு கேட்கவும், அரசிடம் பொறுப்போடு எடுத்துச்சொல்லவும் நடுவில் ஆளில்லாத நேரத்தில்தான் புயல் அடித்தது.

அந்த வெற்றிடத்தை ஊர்களே நிரப்பின. இளைஞர்கள் மரங்களை அறுத்துப் பாதை திறந்தார்கள். வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி வந்து தொட்டியை நிரப்பினார்கள். அதிலேயே செல்போன்களுக்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டார்கள். லாரி போகாத வயல்களில் மின்வாரிய ஊழியர்களோடு சேர்ந்து கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். உத்தரவுக்குக் காத்திராத இந்த வேகம், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் கூடி முடிவெடுப்பதன் பலன்.

ஆனால் ஊர்க்கூட்டத்தைப் புகழ்ந்துவிட்டு நகர முடியாது. அங்கே பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதிலும் நிலமும் சாதிபலமும் உள்ளவர்கள். தலித் குடியிருப்புகளுக்கு நிவாரணம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற புகார்கள் அப்போது எழுந்தன. விழுந்த தென்னைக்குக் கணக்கு கேட்க உரிமையாளர் இருந்தார். அந்தத் தோப்பில் கூலிக்குப் போன பெண் இழந்த வேலைக்கு யார் கணக்கு கேட்டார்கள்? வேகம் இருந்தும் நியாயம் இல்லையென்றால் அது பாதி முடிவுதான்.

அரசின் பலத்தையும் ஊராரின் பங்கேற்பையும் இணைக்கும் வழி புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1991-இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் நிர்வாகத்தின் பலத்தைக் கொடுத்தார். கிராமங்களில் அதை நடத்தியவர்கள் தொண்டர்கள். கல் குவாரித் தொழிலாளர்கள் உட்பட ஏழைப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அவர்கள் அங்கே பயனாளிகளாக மட்டும் நிற்கவில்லை. பலர் தாங்களே இயக்கத்தின் தொண்டர்களானார்கள். அவசரமில்லாத காலத்தில் இப்படிப் பழகினால்தான் ஆபத்தில் அது கைகொடுக்கும்.

ஆகவே, எச்சரிக்கைக் கட்டத்தில் ஒரே உத்தரவு. மீட்புக் கட்டத்தில் ஊராட்சிக்குச் செலவு செய்யும் அதிகாரம். ஜெனரேட்டர் எங்கே கிடைக்கும், குடிசைகள் எத்தனை, முதலில் யாருக்குத் தண்ணீர் என்பதை ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கிராமசபை முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். பெண்களும் தலித் குடியிருப்பினரும் பேசாத கூட்டத்தின் தீர்மானத்தை ஆட்சியர் ஏற்கக் கூடாது. இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி ஒரு நாளும் இல்லாமல் போகக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது பேரிடர் நிர்வாகத்தின் ஒரு கையை வெட்டுவதற்குச் சமம்.